10 ரூபாய் பிளாட்பார்ம் டிக்கெட்: கேமராவோடு போகிறவர்களுக்கு எப்படி?

இந்த மதிப்பீடு பிளாட்பார்ம் டிக்கெட்டைப் பற்றியது. ஊருக்குப் போகிறவர்களை ஏற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு அந்த டிக்கெட் தேவையானதைத் தருகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் அதை வாங்குவது ரயிலைப் படம் எடுக்க. என்னைப் போல வாங்குகிறவர்கள் சென்னையில் நிறையப் பேர் இருக்கிறோம். எங்களுக்கு அந்த 10 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைப்பதில்லை என்பதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வீடு பெரம்பூர். அம்பத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். அப்பா எங்கள் ஊர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்-இல் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் இருப்பது பழைய கேனான் கேமரா, 55-250 லென்ஸ். படங்களை விற்பதில்லை, யூடியூப் சேனலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் பார்க்கப் போவேன், அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 10 ரூபாய்க்கு 2 மணி நேரம் ஒரு ரயில் நிலையத்துக்குள் இருக்கலாம் என்பது பெரிய விஷயம். 2015 ஏப்ரல் வரை இது 5 ரூபாயாக இருந்தது. கொரோனா நேரத்தில் கூட்டத்தைக் குறைக்க நாட்டின் சில பெரிய நிலையங்களில் 50 ரூபாய் வரை ஏற்றினார்கள், பிறகு இறங்கிவிட்டது. இந்த விலைக்கு இவ்வளவு பார்க்கக் கிடைக்கிற இடம் சென்னையில் வேறு எது என்று யோசித்துப் பார்த்தேன். கடற்கரை மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

பெரம்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரலில் இருந்து கிளம்புகிற வண்டி பேசின் பிரிட்ஜ் தாண்டி மேற்கே திரும்பி எங்கள் ஊருக்குள் வருகிறது. அதனால் இங்கே வெளிச்சத்தின் கணக்கு எளிது. காலையில் சூரியன் கிழக்கே இருப்பதால், சென்ட்ரலை நோக்கி வருகிற வண்டிகளின் முகத்தில் வெயில் நேராக விழும். ராத்திரி முழுக்க ஓடி வந்த வண்டிகள் தூசும் புகையுமாக வந்து நிற்கும், இன்ஜின் முன்கண்ணாடியில் பூச்சி அடித்த தடங்கள்கூட படத்தில் தெரியும். சாயங்காலம் அப்படியே தலைகீழ். சென்ட்ரலை விட்டுக் கிளம்புகிற வண்டிகளுக்கு மேற்கு வெயில். ராயபுரம் ஷெட்டின் டபிள்யூ.ஏ.பி-7 வகை மின்சார இன்ஜின் சிவப்புப் பட்டையோடு அந்த வெயிலில் வரும்போது நான் கேமராவை எடுக்காமல் இருந்ததே இல்லை. நிற்காமல் போகிற மைசூர் வந்தே பாரத் வரும்போது பிளாட்பார்மில் முதலில் காற்று மாறும், அப்புறம்தான் சத்தம். அதைப் படமாக எடுக்க 1/1000 நொடிக்கு மேல் ஷட்டர் வேகம் வைக்க வேண்டும், இல்லையென்றால் படத்தில் வண்டியின் மூக்கு கலங்கிவிடும். தென்னிந்தியாவின் முதல் வந்தே பாரத் அதுதான், 2022 நவம்பரில் விட்டார்கள். அது என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற தொழிற்சாலையில் செய்த வண்டி என்று நினைக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் பெருமையாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் 10 ரூபாய்க்குப் பார்க்கலாம். படம் எடுக்கலாமா என்பதில்தான் சிக்கல்.

ஒரு பெரிய சந்திப்பு நிலையம். பெயர் வேண்டாம், இது அந்த ஒரு நிலையத்தின் பிரச்சினை கிடையாது. பகல் நேரம், கூட்டம் அதிகமில்லை. பிளாட்பார்ம் டிக்கெட்டோடு ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில், மஞ்சள் கோட்டுக்கு நன்றாகப் பின்னால் நின்று, உள்ளே வந்துகொண்டிருந்த ஒரு வண்டியை எடுத்தேன். பணியில் இருந்த காவலர் ஒருவர் வந்தார்.

"என்னம்மா, என்ன படம் எடுக்கறீங்க?"

"ட்ரெயின் சார். எனக்குப் பிடிக்கும், சும்மா எடுப்பேன்."

"பர்மிஷன் லெட்டர் இருக்கா?"

"பிளாட்பார்ம் டிக்கெட் வச்சிருக்கேன் சார்."

"டிக்கெட் உள்ள வரத்தாம்மா. போட்டோ எடுக்க இல்ல. எல்லாத்தையும் டெலிட் பண்ணுங்க."

அவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அவர் என்னோடு பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், எங்களுக்கு அடுத்த தூணுக்குப் பக்கத்தில் ஒரு பையன் மஞ்சள் கோட்டைத் தாண்டி நின்று, கையை நீட்டி, மொபைலில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு எடுத்த படங்களை அவர் பார்க்கப் பார்க்க அழித்தேன். வெளியே வரும்போது விசாரணைக் கவுன்ட்டரில் கேட்டேன், "மொபைல்னா பரவாயில்ல, கேமரா கூடாது" என்றார்கள். இன்னொரு ஊழியரைக் கேட்டால், "சொந்தத்துக்குன்னா எடுக்கலாமே, யாரு வேணாம்னா?" என்றார். டிக்கெட் பரிசோதகர் ஒருவர், "ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டு எடுங்க" என்று சொன்னார். ஒரே கட்டடத்துக்குள் இப்படி ஆளுக்கு ஒரு பதில். மூவரும் உண்மையிலேயே அவரவர் சொன்னதை நம்பித்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

என் முழுக் குறையும் இதுதான். கெடுபிடி இருப்பதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. கெடுபிடி என்ன என்பது அன்றைக்கு யார் டூட்டியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது. காலையில் ஒருவர் சிரித்துவிட்டுப் போகிறார், மதியம் வருகிறவர் கேமராவைக் கேட்கிறார். டிக்கெட்டிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் ரயில்வே இடத்துக்குள் நுழைவதைப் பற்றியது: 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுக்கிறவர்கள் மாட்டுவது இதில்தான், மாட்ட வேண்டியதும்தான். 1923-ஆம் வருட அரசு ரகசியச் சட்டம் இன்னும் பழையது. அதில் மத்திய அரசு அறிவிக்கை போட்டு ஒரு ரயில் பாதையையோ பாலத்தையோ தடைசெய்யப்பட்ட இடமாக அறிவிக்க வழி இருக்கிறது. சில பெரிய பாலங்களுக்குப் பக்கத்தில் படம் எடுக்கக் கூடாது என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். சினிமா, விளம்பரம் மாதிரி வணிகத்துக்காக எடுப்பதற்கு ரயில்வேயிடம் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும், அது தெளிவாகவே இருக்கிறது. இவை எதிலும் சேராத ஒருவர், டிக்கெட் வாங்கி, கோட்டுக்குப் பின்னால் நின்று, தனக்காகப் படம் எடுக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்பது நிலையத்தில் எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை.

இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பிளாட்பார்மில் நீங்கள் பார்க்கிற காக்கிச் சட்டைகள் எல்லாம் ஒரே துறை இல்லை. ஆர்.பி.எஃப் மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படை, ரயில்வே சொத்தையும் பயணிகளையும் பாதுகாப்பது அவர்கள் வேலை. ரயில்வே போலீஸ் என்பது தமிழ்நாடு காவல்துறையின் பிரிவு, குற்ற வழக்குகளைப் பார்ப்பது அவர்கள். ஒருவரிடம் அனுமதி கேட்டுவிட்டு நின்றாலும் அடுத்தவர் வந்து கேட்பது இதனாலும் நடக்கிறது.

சரி, பாதுகாப்புக்கு என்ன காரணம் என்பதை மறந்துவிட்டுப் பேசினால் அது நியாயமாக இருக்காது. 2014 மே 1-ஆம் தேதி காலை, சென்ட்ரலின் 9-ஆவது பிளாட்பார்மில் நின்ற குவஹாத்தி எக்ஸ்பிரஸில் இரண்டு குண்டுகள் வெடித்து ஒரு இளம்பெண் இறந்தார். அந்த பிளாட்பார்மில் நான் இப்போதும் நிற்கிறேன். மும்பையில் 2008 நவம்பர் 26 ராத்திரி சி.எஸ்.டி நிலையத்தில் பயங்கரவாதிகள் என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இதற்குப் பிறகு ஒரு காவலர், பெரிய பையோடு நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்கிற ஆளைப் போய்க் கேட்கவில்லை என்றால்தான் தப்பு. என்னைக் கேட்டதில் எனக்குக் கோபமே இல்லை. கேட்கட்டும், பையைத் திறந்து பார்க்கட்டும், அடையாள அட்டையைப் படம் பிடித்துக்கொள்ளட்டும்.

ஒரு பெண்ணாக எனக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், காலை நேரத்தில், பலர் பார்க்க ஒரு பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். அன்றைக்கு அந்த நிலையத்தில் சிசிடிவி கேமரா இல்லை. அதற்கப்புறம் பல மாதம் நான் விடிகாலையில் தனியாக எந்த நிலையத்துக்கும் போகவில்லை. இன்று பெரம்பூரில் நிற்கும்போது தலைக்கு மேலே ஒரு கேமரா இருக்கிறது என்பதும், ஆர்.பி.எஃப் பெண் காவலர் ஒருவர் நடந்து போகிறார் என்பதும் எனக்குத் தைரியம் தருகிற விஷயங்கள். ரயில் ரசிகர்களில் சில ஆண் நண்பர்கள் பாதுகாப்பு ஏற்பாடு என்றாலே எரிச்சலாகப் பேசுகிறார்கள். என்னால் அப்படிப் பேச முடியாது. அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் வெயில் நன்றாக இருக்கிற காலை 6 மணிக்கு என்னால் அங்கே நிற்கவே முடியாது.

அதனால்தான் மொபைலை விட்டுவிட்டு கேமராவை மட்டும் தடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. என் லென்ஸை விடத் தூரத்தை இழுக்கிற மொபைல்கள் இன்று பல பேர் பையில் இருக்கின்றன. தண்டவாளம் எப்படிப் பிரிகிறது, யார்டு எங்கே இருக்கிறது என்பதெல்லாம் செயற்கைக்கோள் வரைபடத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கெட்ட எண்ணத்தோடு வருகிறவர் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி கழுத்தில் பெரிய கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவாரா? மும்பையில் அந்த ராத்திரி என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். மும்பை மிரர் பத்திரிகையின் புகைப்படக்காரர் செபாஸ்டியன் டிசோசா சி.எஸ்.டி-க்குள் ஓடி, நின்றிருந்த ரயில் பெட்டிக்குள் மறைந்துகொண்டு எடுத்த படங்களில்தான் பயங்கரவாதி கசாப்பின் முகம் உலகத்துக்குத் தெரிந்தது. பிறகு அவர் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். ஒரு ரயில் நிலையத்தில் கேமராவோடு ஒருவர் இருந்ததால் கிடைத்த சாட்சியம் அது.

எங்கள் ஆட்கள் பக்கமும் ஒழுங்கு இருக்கிறது, இருக்க வேண்டும். ராணுவத் தளவாடங்கள் ஏற்றிய வண்டி போனால் கேமராவைக் கீழே இறக்கிவிடுவது எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் உள்ள பழக்கம். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்த நாட்களில் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அதே மாதம் ஹரியானாவில் ஒரு பயண யூடியூபர் உளவுக் குற்றச்சாட்டில் கைதானதிலிருந்து, பிளாட்பார்மில் கேமரா வைத்திருக்கிற யாரையும் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. அது எனக்குப் புரிகிறது. ஃபிளாஷ் போடவே கூடாது, ஓட்டுநரின் கண்ணில் அடித்தால் சிக்னல் பார்க்கிற ஒரு நொடி போய்விடும். தலைக்கு மேலே போகிற கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது, அதைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் போனாலே தாவும். அதனால் செல்ஃபி குச்சியையும் நீளமான கம்பங்களையும் நிலையத்தில் தடை செய்தால் நானே கை தட்டுவேன். முக்காலியும் வேண்டாம், கூட்டத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள். இதெல்லாம் விபத்தைத் தடுக்கிற விதிகள், காரணத்தைச் சொன்னால் ஒரு குழந்தைகூட ஏற்றுக்கொள்ளும்.

இதைத் தெளிவாகச் செய்ய முடியுமா என்றால், முடியும். பிரிட்டனில் நெட்வொர்க் ரெயில் நிறுவனம் ரயில் ரசிகர்களுக்கென்றே விதிகளை எழுதி வெளியிட்டிருக்கிறது. நிலையத்துக்கு வந்ததும் ஊழியரிடம் சொல்லுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், பிளாட்பார்ம் ஓரத்தில் முக்காலி வைக்காதீர்கள், சிசிடிவி மாதிரியான பாதுகாப்புக் கருவிகளைப் படம் எடுக்காதீர்கள், விற்பனைக்கு என்றால் தனி அனுமதி. அதோடு, சந்தேகப்படும்படி ஏதாவது கண்ணில் பட்டால் எங்களிடம் சொல்லுங்கள் என்றும் கேட்கிறார்கள். அடிக்கடி ஒரே நிலையத்துக்குப் போகிறவருக்கு அங்கே வழக்கமாக என்ன இருக்கும், என்ன இருக்காது என்று தெரியுமே, அதைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அங்கேயும் இது சண்டை போடாமல் வரவில்லை. பயங்கரவாதச் சட்டத்தின் 44-ஆம் பிரிவைக் காட்டிச் சந்தேகமே இல்லாமல் யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்று இருந்தது, புகைப்படக்காரர்கள் பலர் அதில் மாட்டினார்கள். 2010-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மாறியது.

அமெரிக்காவிலோ நியூயார்க் சுரங்க ரயிலில் படம் எடுப்பதையே தடை செய்ய 2004-இல் ஒரு யோசனை வந்து, எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடம் கைவிட்டார்கள். 2008 டிசம்பரில் அங்கே பென் ஸ்டேஷனில் ஒருவரை ஆம்ட்ராக் என்ற ரயில் நிறுவனத்தின் போலீஸ் கைது செய்தது. அவர் எடுத்துக்கொண்டிருந்தது ஆம்ட்ராக் நிறுவனமே நடத்திய புகைப்படப் போட்டிக்கான படம். ரயில்வேயின் ஒரு கை கூப்பிடுவதை இன்னொரு கை அறியாமல் இருப்பது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று தெரிந்துகொண்டேன். நம் ரயில்வே அமைச்சகமும் தன் சமூக ஊடகப் பக்கங்களில் ரசிகர்கள் எடுத்த அழகான படங்களைப் பெயரோடு பகிர்கிறது. அந்தப் படங்களை எடுத்தவர்களும் ஏதோ ஒரு பிளாட்பார்மிலோ பாலத்திலோ நின்றுதானே எடுத்திருப்பார்கள்?

பிளாட்பார்ம் டிக்கெட்டை விட்டால் வேறு என்ன வழி என்று கேட்கிறவர்களுக்காக இதையும் சேர்க்கிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதலில் நியூ ஆவடி ரோட்டில் ஐ.சி.எஃப்-க்குப் பக்கத்தில் இருக்கிற ரயில் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 2002-இல் திறந்தது. நீராவி இன்ஜின்களையும் பழைய பெட்டிகளையும் கிட்டத்தில் நின்று, அவசரமில்லாமல் எடுக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. மர நிழல் நிறைய, அதனால் நடுப்பகலிலும் எடுக்க முடிகிறது. ஆனால் ஓடாத வண்டியைப் படம் எடுப்பது ஒரு அளவுக்கு மேல் எனக்கு ஒட்டவில்லை.

ஓடுகிற வண்டியை நிம்மதியாக எடுக்க வேண்டும் என்றால் பாம்பன். 1988-இல் திறந்த சாலைப் பாலம் ரயில் பாலத்துக்கு இணையாகவும் உயரமாகவும் போகிறது, நீங்கள் நிற்பது பொதுச் சாலை. 1914-இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2025 ஏப்ரலில் புதிய பாலத்தைத் திறந்தார்கள். புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கூட்டம் சேர்த்தால் போலீஸ் நகரச் சொல்வார்கள், அது நியாயம். நடந்து போய் ஓரமாக நின்றால் ரயில் மெதுவாகக் கடலைக் கடக்கிற நேரம் முழுக்க உங்களுடையது.

அப்புறம் ஊட்டி மலை ரயில். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை, 12 அடிக்கு 1 அடி ஏறுகிற மாதிரி செங்குத்து, இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும்போது பெட்டி மொத்தமும் இறங்கிக் கேமராவைத் தூக்குகிறது. ஒரு பாட்டி, ஒரு வெளிநாட்டுக்காரர், நான், எல்லோரும் இன்ஜினைச் சுற்றி நின்றோம். இன்ஜின் ஊழியர் ஒருவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பக்கம் வெயிலுங்க, இந்தப் பக்கம் வந்து எடுங்க" என்றார். அதே ரயில்வேதான், அதே சட்டம்தான். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் வந்த ரயில் என்பதால் அங்கே கேமரா சுற்றுலாவாகிவிட்டது. சமவெளியில் ஓடுகிற வண்டியை எடுத்தால் மட்டும் அது சந்தேகமாகிவிடுகிறது.

இதில் என்ன பெரிய நஷ்டம், வேறு ஏதாவது படம் எடுக்கலாமே என்று என் அலுவலகத்திலேயே கேட்டிருக்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது. ஒரு மீட்டர் அகலப் பாதையில், அதாவது மீட்டர்கேஜில், ஓடிய பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓட ஆரம்பித்து 2004 ஜூலையில் நின்றது. அந்தப் பெட்டியின் உள்ளே கைப்பிடி எப்படி இருந்தது, ஜன்னல் எப்படித் திறக்கும் என்று இன்று ஒரு பிள்ளைக்குக் காட்ட வேண்டும் என்றால், யாரோ ஒருவர் பிலிம் கேமராவில் எடுத்துவைத்த படம்தான் இருக்கிறது. செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் 2010-இல் மூடியபோதும் அப்படித்தான். ஆர்வத்தால் போனவர்கள் எடுத்த படங்கள் இல்லாவிட்டால் பதிமூன்று கண் பாலத்தில் அந்தச் சின்ன வண்டி போனது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிந்திருக்காது. என் அப்பா வேலை செய்த வகைப் பெட்டி, சுவிஸ் நிறுவனத்தின் உதவியோடு 1955-இல் ஆரம்பித்த அந்த ஐ.சி.எஃப் பெட்டி, 2018 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுவிட்டது. நீல நிறத்தில் இன்னும் சில வண்டிகளில் ஓடுகிறது, வருடா வருடம் குறைகிறது. அது போகும் முன்னால் எடுத்துவைக்க வேண்டும் என்றுதான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். அந்தச் சந்திப்பு நிலையத்தில் நான் அழித்த படங்களில் அப்படி ஒரு வண்டியும் இருந்தது, கதவுக்கு மேலே தையல் மாதிரி வெல்டிங் கோடு தெரிகிற ஒரு படம். அப்பாவுக்குக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

மதிப்பெண் கேட்டால், விலைக்கும் பார்க்கக் கிடைப்பதற்கும் ஐந்துக்கு ஐந்து. டிக்கெட் எடுப்பது இப்போது மொபைல் ஆப்பிலேயே முடிகிறது, அதற்கும் குறையில்லை. நிலையத்தில் பாதுகாப்பாக உணர்வதற்கு, பகலில் நான்கு. கேமரா பற்றிய தெளிவுக்கு ஒன்று, அதுவும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டுப் போன காவலர்களுக்காக.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. உள்ளே நுழைந்ததும் நீங்களாகவே ஆர்.பி.எஃப் ஆட்களைப் பார்த்து, பெயர் சொல்லி, என்ன எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். முதலில் போய்ச் சொன்ன நாட்களில் பெரும்பாலும் எனக்குத் தொந்தரவு வந்ததில்லை. டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் கையிலேயே வைத்திருங்கள். வேண்டாம் என்றால் விவாதம் பண்ணாமல் கேமராவைப் பையில் போட்டுவிடுங்கள், அவர் கையில் அதிகாரம் இருக்கிறது, அன்றைக்கு நீங்கள் ஜெயிக்கப் போவதில்லை. சந்தேகமாக ஏதாவது பார்த்தால் ரயில்வே உதவி எண் 139-க்குக் கூப்பிடுங்கள்.

நான் கேட்பது டிக்கெட் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுகிற ஒரு தாள், அவ்வளவுதான். அதில் என்ன எழுதலாம் என்றுகூட எழுதி, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்:

"சொந்த உபயோகத்துக்காக, செல்லுபடியாகும் டிக்கெட்டோடு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்று மொபைலிலோ கேமராவிலோ ரயிலைப் படம் எடுக்கலாம். ஃபிளாஷ், முக்காலி, செல்ஃபி குச்சி கூடாது. சிசிடிவி கேமராக்கள், கட்டுப்பாட்டு அறைகள், ராணுவ வண்டிகளைப் படம் எடுக்கக் கூடாது. காவலர் கேட்டால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். வணிகப் படப்பிடிப்புக்கு முன் அனுமதி தேவை."

இதைவிடக் கடுமையாக எழுதினாலும் சரி. கேமராவே கூடாது என்று எழுதினால் வருத்தப்படுவேன், ஆனாலும் பாம்பனுக்கும் ஹில்குரோவுக்கும் போய்க்கொள்வேன். என்ன முடிவானாலும் எல்லா நிலையத்திலும் அது ஒன்றாக இருக்கட்டும், எழுத்தில் இருக்கட்டும். பதில் வந்ததும் இந்த மதிப்பீட்டிலேயே கீழே சேர்க்கிறேன்.